இரவில் மாறிய குரோம்

பத்தாண்டுகளுக்கு முன் ஆத்தூர்ப் பிள்ளைகள் மென்பொருள் டெஸ்டிங் படிக்கச் சென்னைக்கோ பெங்களூருக்கோதான் பஸ் ஏறினார்கள். பாடமெல்லாம் யூடியூபிலேயே இருந்தது. ஆனாலும் போனார்கள். பிரௌசரைத் தானே இயக்கி வலைத்தளங்களைச் சோதிக்கும் செலினியம் கருவியை லேப்டாப்பில் ஏற்றி ஓடவைப்பதே பெரும்பாடு. ஜாவா, எக்லிப்ஸ், ஜார் கோப்புகள், பிரௌசருக்கென்று ஒரு டிரைவர் என்று தனித்தனியாக இறக்கி, டிரைவர் எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்பதையும் நிரலில் எழுதவேண்டும். ஒரு சாய்கோடு பிசகினால் சிவப்பு எழுத்துகள் திரையை நிறைக்கும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டும். அந்த ஆள் சென்னை வேளச்சேரி போன்ற இடத்தில்தான் கிடைத்தார்.

குரோம் அதைவிடப் பெரிய தொல்லையாக இருந்தது. அது சொல்லாமல்கொள்ளாமல் தானே அப்டேட் ஆகிவிடும், டிரைவர் பழையதாகவே நிற்கும். முந்தின மாலை ஓடிய டெஸ்ட் காலையில் 'செஷன் நாட் கிரியேட்டட்' என்று படுத்துவிடும். 2016இல் ஃபயர்ஃபாக்ஸின் புதுப் பதிப்புகளில் பழைய டிரைவர் செத்துப்போய், கெக்கோடிரைவர் என்ற புது டிரைவர் கட்டாயமானது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரிலோ ஜூம் 100 சதவீதத்தில் இல்லையென்றாலே தகராறு வந்தது. நிரல் எழுதும் திறமைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கிய எத்தனையோ பேர் இந்த வாசலிலேயே, 'நமக்கு இது வராது' என்று திரும்பிப் போனார்கள். எனக்கு ஆறாத வருத்தம் அது.

2004இல் சிகாகோவில், தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய கருவி செலினியம். அந்த வாசல் அகல 18 ஆண்டுகள் ஆயின. 2022 நவம்பரில் வந்த 4.6 பதிப்போடு செலினியம் மேனேஜர் சேர்ந்தது. குரோமின் பதிப்பைப் பார்த்து, பொருத்தமான டிரைவரை அதுவே தேடி எடுத்துக்கொள்கிறது. மைக்ரோசாஃப்டின் பிளேரைட் என்ற இதேபோன்ற கருவியில் ஒரு கட்டளை கொடுத்தால் பிரௌசர்களே இறங்கிவிடுகின்றன. மரவள்ளி லோடு ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் சாலையோர வீட்டில், செல்போன் ஹாட்ஸ்பாட்டை வைத்தே ஒரு பெண் இன்று முதல் டெஸ்டை ஓட்டிவிடலாம்.

சிக்கல் அடியோடு ஒழியவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு, அலுவலக பிராக்ஸி வெளியிலிருந்து டிரைவரை இறக்க விடாமல் போகலாம். பிராக்ஸி முகவரியை மேனேஜருக்குத் தனியாகச் சொல்லவேண்டும். சொந்த லேப்டாப்பிலோ, என்றைக்கோ பாத் (PATH) பட்டியலில் உள்ள ஃபோல்டரில் போட்டுவைத்த பழைய குரோம்டிரைவர்தான் வில்லன். அது கண்ணில் பட்டால் மேனேஜர் புதியதைத் தேடாமல் அதையே எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் 'where chromedriver' என்று கேட்டால் அது இருக்குமிடம் தெரிந்துவிடும். அழித்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.