எதிரியின் பொன்னைக் கூட்டுவதற்கு முன் நிலத்தைப் பாருங்கள்

கற்பனை உலகில் நடக்கும் போர் விளையாட்டுகளில் ஒரு வகை உண்டு. முதலில் நீங்கள் உங்கள் வீரர்களை நகர்த்துவீர்கள். பிறகு எதிரி நகர்த்துவான். விரல் வேகம் தேவையில்லை, யோசனைதான் தேவை. இப்படியான ஆட்டத்தை உருவாக்குபவர் அதை எப்படிக் கடினமாக்குவது? படை திரட்ட எதிரிக்கு அதிகப் பொன் கொடுத்துவிடலாம், வேலை முடிந்தது. ஆனால் அதனால் எதிரிகளின் எண்ணிக்கை கூடுமே தவிர, ஆட்டக்காரர் யோசிக்க வேண்டியது பெரிதாகக் கூடாது. நல்ல கடினம் வரைபடத்தில்தான் பிறக்கிறது.

இதை விளக்க ஏற்ற ஆட்டம் ‘பேட்டில் ஃபார் வெஸ்நாத்’. டேவிட் ஒயிட் என்பவர் 2003இல் தொடங்கியது. இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. அதனால் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வருகிறது என்று யாரும் பார்த்துவிடலாம்.

நிலம் என்ன செய்கிறது?

வெஸ்நாத்தின் களம் அறுகோணக் கட்டங்களால் ஆனது. சதுரங்கத்தில் எந்தக் கட்டத்தில் நின்றாலும் காய் வெட்டுப்படுவது ஒரே மாதிரிதான். இங்கே அப்படியில்லை. ஒரு வீரர்மேல் அடி விழுமா, தவறுமா என்பதை அவர் நிற்கும் நிலம் முடிவு செய்கிறது. சாதாரண மனிதப் படைவீரருக்கு மலையிலும் ஊரிலும் கோட்டையிலும் 60 விழுக்காடு பாதுகாப்பு, அதாவது நூறு அடியில் சராசரியாக 60 தவறும். புல்வெளியில் 40. ஆழமில்லாத நீரில் 20தான். குள்ளர்களுக்கு மலையில் 70 வரை உண்டு. கடல்வாழ் மக்களுக்கோ நீரே அரண்.

60 விழுக்காடு பாதுகாப்பு உள்ளவரை மூன்று முறை குத்தினால், மூன்றும் தவறிப்போக ஐந்தில் ஒரு வாய்ப்புக்கு மேல் இருக்கிறது. நீரில் நிற்பவர்மேல் மூன்றும் தவற நூற்றில் ஒரு வாய்ப்புகூட இல்லை. “எனக்கு அதிர்ஷ்டமே இல்லை” என்று ஆட்டக்காரர் புலம்பும் இடங்களில் பல, உண்மையில் நிலம் செய்த வேலை.

பொழுது என்ன செய்கிறது?

ஒரு நாள் என்பது ஆறு சுற்று: விடியல், காலை, பிற்பகல், அந்தி, பிறகு இரவில் இரண்டு. மனிதப் படைகளில் பெரும்பாலோர் பகலில் 25 விழுக்காடு கூடுதல் பலத்தோடு அடிப்பார்கள். இரவில் அதே அளவு குறையும். ஓர்க்குகள் என்னும் கற்பனை இனத்துக்கு நேர்மாறு. விடியலிலும் அந்தியிலும் இந்த இரு தரப்புக்கும் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

இனி ஒரு வரைபடம் போடுவோம். நடுவில் எல்லாமே புல்வெளி. இரண்டு கோட்டைகளுக்கும் இடையே 30 கட்டம். ஆட்டம் விடியலில் தொடங்குகிறது. முதல் சுற்று படை திரட்டுவதில் போய்விடும். மனிதர், ஓர்க் இரு தரப்பும் சுற்றுக்கு 5 கட்டம் நடந்தால், நான்காம் சுற்றில், அந்தியில், நடுவழியில் சந்திப்பார்கள். அடுத்த இரண்டு சுற்றும் இரவு, அதாவது ஓர்க்குகளின் நேரம். இடைவெளியை 20 கட்டமாகக் குறைத்தால் மூன்றாம் சுற்றிலேயே, பிற்பகலில், மோதல் நடக்கும். அடி கொடுக்கும் வாய்ப்பு மனிதர்களுக்கு. எதிரியின் பொன்னில் ஒரு காசும் மாறவில்லை. பத்துக் கட்டம் மாறியதில் ஆட்டமே மாறிவிட்டது.

ஓர் ஆறு, ஓர் ஊர்

அந்த 30 கட்ட வரைபடத்துக்கே திரும்புவோம். இரவில் ஓர் ஓர்க் 11 வலு வீதம் இருமுறை வெட்டுகிறான். மனிதப் படையின் ஈட்டிவீரர் 5 வலு வீதம் மும்முறை குத்துகிறார். இருவரும் புல்வெளியில் நின்றால், ஒரு மோதலில் ஈட்டிவீரர் சராசரியாக இழப்பது 13.2 உயிர்ப்புள்ளி, ஓர்க் இழப்பது 9. மனிதப் படை தேயும்.

நடுவே இரண்டு கட்ட அகலத்தில் ஆழமில்லாத ஓர் ஆற்றை ஓடவிடுங்கள். நீர்க்கட்டம் ஒன்றில் கால் வைக்க மூன்று நகர்வு செலவாகும். கையில் இருப்பது ஐந்துதான். ஆகவே ஓர்க் ஒரு சுற்றின் முடிவில் நீரில் நின்றே ஆக வேண்டும். கரையில் நிற்கும் ஈட்டிவீரரோடு மோதும்போது அவன் இழப்பு 12 ஆகிறது. ஏறக்குறைய சமம்.

கரையில் ஓர் ஊரையும் வையுங்கள். அதில் நிற்கும் ஈட்டிவீரரின் இழப்பு 8.8 ஆகக் குறைகிறது. போதாக்குறைக்கு ஊர் ஒவ்வொரு சுற்றிலும் அவருக்கு 8 உயிர்ப்புள்ளியைத் திருப்பித் தரும். இப்போது இரவிலும் மனிதர் கை ஓங்குகிறது. ஆனால் அந்த ஒரு கட்டத்தைத் தாங்கி நிற்பது யார், காயம்பட்டால் மாற்று யார், பக்கவாட்டை யார் காப்பது என்று கேள்வி மேல் கேள்வி வரும். யோசிக்கத் தூண்டும் கடினம் இதுதான்.

பொன்னின் விளைவு தொடரும்

வெஸ்நாத்தின் தொடர்கதை ஆட்டங்களில் எளிது, நடுத்தரம், கடினம் போன்ற நிலைகளுக்கு இடையே பெரும்பாலும் மாறுவது தொடக்கப் பொன், எதிரியின் வருமானம், சுற்றுகளின் வரம்பு ஆகியவை. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரு களத்தில் மிஞ்சும் பொன்னில் பொதுவாக 40 விழுக்காடு அடுத்த களத்துக்கு வரும். சீக்கிரம் வென்றால் கூடுதல் பரிசு. அனுபவம் பெற்ற பழைய வீரரைத் திரும்ப அழைக்க 20 பொன் வேண்டும். நன்றாக ஆடியவர் பணக்காரர் ஆகிறார். தட்டுத்தடுமாறி வென்றவர் ஏழையாகவும், நல்ல வீரர்களை இழந்தும் அடுத்த களத்துக்குப் போகிறார். ஆக, கடினம் யாருக்குக் கூடக் கூடாதோ அவருக்கே கூடுகிறது. ஒவ்வொரு களத்துக்கும் குறைந்தபட்சப் பொன் என்று ஒன்றை வடிவமைப்பாளர் வைக்க முடியும். அந்த எண்ணைத் தாராளமாக வைப்பதுதான் நியாயம்.

எதிரியின் பொன்னைக் கூட்டியதால் வரும் தோல்வி ஆட்டக்காரருக்கு எதையும் சொல்லித்தருவதில்லை. “இன்னும் ஆள் வேண்டும்” என்பது மட்டுமே மிஞ்சும். நிலத்தால் வந்த தோல்வி அப்படியல்ல. “ஆற்றைக் கடக்காமல் விடியும்வரை காத்திருக்கலாமே” என்று அவரே கண்டுபிடிப்பார். அடுத்த முறை வெல்லும்போது அந்த வெற்றி அவருடைய அறிவுக்குக் கிடைத்ததாக இருக்கும்.

வெஸ்நாத்தோடு வரைபடம் தயாரிக்கும் கருவியும் இலவசமாகவே வருகிறது. சிறிய களம் ஒன்றை வரைந்து, நண்பர் ஒருவரை ஆடச் சொல்லிப் பக்கத்தில் இருந்து பாருங்கள். அவர் மிக எளிதாக வென்றுவிட்டால், எதிரியின் கஜானாவைத் திறக்காதீர்கள். முதலில் ஓர் ஊரை நகர்த்துங்கள், ஆற்றின் அகலத்தை மாற்றுங்கள், கோட்டைகளின் இடைவெளியை எண்ணிப் பாருங்கள். பொன்னைக் கூட்டுவது கடைசி வழியாகவே இருக்கட்டும்.