உத்தியோகத்தை முன்வைத்து முதுகலை

சென்னை மாகாணத்தை 1947 முதல் 1949 வரை ஆண்ட ராமசாமி ரெட்டியாரின் சொந்த ஊராகிய ஓமந்தூரிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலுமிருந்து, குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்துத் திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலோ விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலோ பட்டம் பெறுகிற பிள்ளைகள், எந்த உத்தியோகத்தை நாடுகிறோம் என்பதை முதலில் நிச்சயித்து, அதற்குரிய தகுதியை விசாரித்த பிறகே முதுகலையில் சேர்வது உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக விரும்புகிறவருக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்திலோ, அதற்கு இணையானதென்று அரசு ஏற்ற பாடத்திலோ இருக்க வேண்டும், பி.எட். பட்டமும் வேண்டும். கணிதம் படித்தவர், இடம் சுலபமாகக் கிடைக்கிறதென்று வேறு பாடத்துக்கு மாறிவிட்டால், இரண்டு வருஷ உழைப்பும் பெற்றோர் கடன் வாங்கிக் கட்டிய பணமும் அந்த வேலைக்குப் பிரயோஜனப்படாமற் போகும். கவர்ச்சியான புதுப்பெயர் தாங்கிவரும் படிப்புகளில் இந்த அபாயம் இன்னும் அதிகம். தாய்ப்பாடத்துக்கு அவை இணையல்ல என்று அரசாணை இருக்குமானால், நல்ல மதிப்பெண்கூட விண்ணப்பத்தைக் காப்பாற்றாது.

கல்லூரி ஆசிரியராவதற்கு முதுகலையில் 55 சதவீத மதிப்பெண்ணும் (சலுகைப் பிரிவினருக்கு 50), நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சியோ, உரிய விதிப்படி பெற்ற முனைவர் பட்டமோ வேண்டும். எம்.ஃபில். 2022-இல் கைவிடப்பட்டது, உதவிப் பேராசிரியர் பதவிக்கு முனைவர் பட்டம் கட்டாயமன்று என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023-இல் அறிவித்தது. எம்.பி.ஏ., எம்.சி.ஏ. நாடுவோருக்கு டான்செட் தேர்வு உண்டு.

நம் வட்டாரத்துக்கே உரிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. மல்லாட்டை (நிலக்கடலை) விதைக்கிற உழவரெல்லாம் அறிந்த டி.எம்.வி. ரகங்கள், திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரையே தாங்கியவை. அந்த ஆராய்ச்சிக்கு ஆதாரமான பயிர் இனப்பெருக்கம், மரபியல் ஆகியவற்றை வேளாண் பல்கலைக்கழகத்தில் முதுகலையாகப் பயில, பொதுவாக இளங்கலையிலேயே வேளாண்மை படித்திருக்க வேண்டும். தாவரவியல் முடித்தபின் அதை நினைத்து ஏங்குவதைவிட, பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் தறுவாயிலேயே இதை மாணவருக்கு எடுத்துச் சொல்வது ஆசிரியர்களின் கடமை. தாவரவியல் பட்டதாரிக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில் உயிரியல் சார்ந்த படிப்புகளுக்குக் கியூட் முதுகலை நுழைவுத்தேர்வு எழுதி முயலலாம்.

மாணவர்களே, கல்லூரியில் பணம் கட்டுமுன், நீங்கள் விரும்பும் பதவிக்குக் கடைசியாக வெளியான அறிவிக்கையைத் தேடியெடுத்து, அதன் கல்வித் தகுதிப் பகுதியை முழுமையாக வாசியுங்கள். ஐயமிருந்தால் உங்கள் துறைத் தலைவரிடம் இணைத்தன்மை அரசாணையைக் கேட்டுப் பாருங்கள்.