சோளத்தின் காலடியில் சுடுமல்லி

சோளக்காட்டில் வெள்ளைப் பூவோடு நிற்கும் குட்டைச் செடிகளைப் படமெடுத்து அனுப்பி, “மண்ணில் ஈரம் இருக்கிறது. ஆனாலும் பயிர் வாடுகிறதே, ஏன்?” என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். அது சுடுமல்லி. மாமரத்துப் புல்லுருவியையும் வேலியில் மஞ்சள் நூலாகப் படரும் அம்மையார் கூந்தலையும் பார்க்காதவர் இருக்க முடியாது. இது அதே சாதிதான். திருட்டு மட்டும் மண்ணுக்கடியில்.

சோள வேருக்குள் தன் உறிஞ்சுறுப்பை நுழைத்து நீர்க்குழாயோடு இணைத்துக்கொள்ளும். பிறகு இலைத்துளைகளை அகலத் திறந்து வைத்து நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். ஆவியாக ஆவியாக, சோளத்தின் நீரும் உப்புகளும் அதன் பக்கமே இழுபடும். ஈரத்திலும் பயிர் வாடுவது இதனால்தான்.

எனக்கு வியப்பு அதன் விதைமேல். தூசி போன்ற விதை. பத்தாண்டுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். கையிருப்பு உணவோ சில நாளுக்குத்தான். பக்கத்தில் வேர் இருப்பது உறுதியானால்தான் முளைக்கலாம். அதை எப்படி அறிகிறது? மணிச்சத்து குறைந்த மண்ணில் சோள வேர் ஒரு வேதிப்பொருளைக் கசியவிடுகிறது. சுடுமல்லி விதையை முளைக்க வைக்கும் அப்பொருளை 1966இல் பருத்தி வேர்க் கசிவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். எதிரியை எழுப்பும் பொருளைச் செடி ஏன் கசிய வேண்டும்? விடை 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்களிடமிருந்து வந்தது: மணிச்சத்து தேடித் தரும் வேர் உட்பூசணத்துக்கான அழைப்பு அது. எங்கள் வீட்டில் காக்கைக்குச் சோறு வைத்துக் கூப்பிட்டால் எதிர்வீட்டுப் பூனை முந்திக்கொள்ளும். அப்படித்தான் இதுவும்.

இந்தக் கசிவு குறைந்த சோள ரகங்களை உருவாக்கிய எத்தியோப்பியர் கெபிசா எஜெட்டா 2009இல் உலக உணவுப் பரிசு பெற்றார். பருத்தியும் தட்டைப்பயறும் இன்னொரு வழி. அவற்றின் வேர்க்கசிவில் விதை முளைக்கும். ஒட்ட இடமில்லாமல் சாகும். சோளத்தோடு தட்டைப்பயறு கலந்து விதைத்த வழக்கத்தைக் கைவிட்டோம். அதே நிலத்தில் ஆண்டுதோறும் ஒரே பயிர், எரு கிடையாது. பசித்த மண்ணில் அழைப்பு பலமாகத்தான் கேட்கும். பழியைக் களைமேல் மட்டும் போடுவது நியாயமா?

கடிதம் எழுதிய நண்பருக்கு: செடி தலைகாட்டும் முன்பே பெரும் சேதம் முடிந்துவிட்டது. ஆனாலும் காய் பிடிக்கும் முன் பிடுங்கி எரித்துவிடுங்கள். ஒரு செடி பல்லாயிரம் விதை உதிர்க்கும்.