'லாபம் 20% உயர்வு'னு நோட்டிஃபிகேஷன் வந்துச்சா? அந்தப் பொடி எழுத்தையும் கொஞ்சம் படிச்சுப் பாருங்க!

ராத்திரி எட்டரை மணி. ஷேர் மார்க்கெட் ஆப்ல இருந்து 'டிங்'னு ஒரு சத்தம். நீங்க பத்து ஷேர் வாங்கி வெச்சிருக்கிற கம்பெனியோட காலாண்டு ரிசல்ட் வந்திருக்கு. 'நிகர லாபம் 20% உயர்வு'. ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல ஒரு ராக்கெட் எமோஜி போட்டுட்டுத் தூங்கப் போயிடுறீங்க. அந்த ரிசல்ட்டோட பிடிஎஃப்பைத் திறந்து பார்த்திருந்தா, எண்கள் நிறைந்த அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்துல 'குறிப்புகள்'னு சில வரிகள் இருந்திருக்கும். யாரும் படிக்காத பகுதி அது.

சோப்பு விக்கிற கம்பெனின்னா படிக்காம விட்டாலும் பெரிய ஆபத்தில்லை. சோப்பு போச்சு, பில் போட்டாச்சு, வருமானம் வந்தாச்சு. ஆனா, மத்த கம்பெனிகளுக்கு ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, கேன்டீன், கட்டடப் பராமரிப்பு, ஆள் சப்ளைன்னு கான்ட்ராக்ட் எடுத்து வேலை செய்ற 'பிசினஸ் சர்வீசஸ்' கம்பெனிகள்ல கதையே வேற. அங்கே குடோனுக்குப் போய் எண்ணிப் பார்க்க ஒண்ணும் இல்லை. எதை, எப்போ வருமானம்னு எழுதணும்கிற விதிதான் லாபத்தையே உருவாக்குது. அந்த விதிக்குப் பேர் கணக்குக் கொள்கை, அதாவது அக்கவுன்டிங் பாலிசி.

உங்க ஃப்ரெண்ட் ஒருத்தர் கல்யாண போட்டோகிராஃபர்னு வெச்சுக்கோங்க. பேக்கேஜ் ஒன்றரை லட்சம் ரூபாய். செப்டம்பர் 30 அன்னிக்குக் கல்யாணம் முடிஞ்சாச்சு. ஆல்பமும் வீடியோ எடிட்டிங்கும் பாக்கி. கையில வந்த அட்வான்ஸ் 50,000. அந்தக் காலாண்டுக்கு அவரோட வருமானம் எவ்வளவு? கைக்கு வந்த 50,000-ஆ? பேசிய ஒன்றரை லட்சமா? இல்லை, '70% வேலை முடிஞ்சிருச்சு, அதனால 1,05,000'-ஆ?

தொடர்ந்து நடக்கிற கான்ட்ராக்ட் வேலைகளுக்குப் பெரும்பாலும் மூணாவது வழிதான். கைக்கு வந்தது போக மீதி 55,000, 'பில் போடாத வருமானம்'னு சொத்துப் பக்கத்துல உட்கார்ந்துக்கும். இதுல தப்பே இல்லை. ஆனா, அந்த 70%-ஐ யார் சொன்னது? அவரேதான். எடிட்டிங்குக்கு இன்னொரு ஆள் போட வேண்டி வந்தா, மொத்தச் செலவு ஏறி அந்த 70% சட்டுனு 55% ஆயிடும். இன்னொண்ணும் இருக்கு. டிரோன் ஷாட்டுக்குன்னு தனியா 20,000 கேட்கிறார். பொண்ணோட அப்பா இன்னும் சரின்னு சொல்லலை. அதையும் வருமானத்துல சேர்க்கலாமா? 'பின்னாடி திருப்பி எடுக்க வேண்டி வராதுங்கிறதுக்கு மிக அதிக வாய்ப்பு இருந்தா மட்டும் சேர்'ங்கிறது இப்போதைய விதி. இந்தியாவுல 2018 ஏப்ரல்ல இருந்து நடைமுறையில இருக்கிற இண்ட் ஏ.எஸ். 115 சொல்றதும் இதுதான். அந்த 'மிக அதிக வாய்ப்பு' இருக்கா இல்லையான்னு முதல்ல முடிவு பண்றது நிர்வாகம்.

இந்த டிரோன் ஷாட் சமாசாரத்தை நாடு தழுவிய அளவுல யோசிச்சுப் பாருங்க. பிரிட்டன்ல நிஜமாவே நடந்தது.

கரிலியன்னு ஒரு கம்பெனி. ஆஸ்பத்திரி கட்டும், ஆஸ்பத்திரியைச் சுத்தமும் பண்ணும். பள்ளிக்கூடத்துல சாப்பாடு போடும், ஜெயில் கட்டடங்களைப் பராமரிக்கும். சுமார் 43,000 ஊழியர்கள். 2016-ம் வருஷக் கணக்குல 520 கோடி பவுண்டு வருமானம், வரிக்கு முன் 14.7 கோடி பவுண்டு லாபம். 2017 மார்ச்சில் ஆடிட்டர் கையெழுத்தும் போட்டாச்சு. ஜூன்ல பங்குதாரர்களுக்கு சுமார் 5.5 கோடி பவுண்டு டிவிடெண்டும் போயாச்சு.

ஜூலை 10-ம் தேதி குண்டு விழுந்துச்சு. 'கான்ட்ராக்ட்ல வரும்னு நினைச்ச பணத்துல 84.5 கோடி பவுண்டு வராது போலிருக்கு'ன்னு கம்பெனியே அறிவிச்சது. அன்னிக்கே ஷேர் விலை 39% சரிஞ்சது, மூணு நாள்ல 70% காலி. செப்டம்பர்ல அரையாண்டுக் கணக்கு வந்தப்போ அந்த 84.5 கோடி, 104.5 கோடியா வளர்ந்திருந்தது. ஆறு மாசத்துக்கு வரிக்கு முன் நஷ்டம் 115 கோடி பவுண்டு. போன வருஷ லாபம் மாதிரி ஏழெட்டு மடங்கு! யாரும் பெட்டியை உடைச்சுப் பணத்தைத் தூக்கிட்டுப் போகலை. ஏற்கெனவே வருமானம்னு எழுதி வெச்சதை அடிச்சு எழுதினாங்க, அவ்வளவுதான்.

எப்படி எழுதி வெச்சாங்கன்னு பார்லிமென்ட் கமிட்டி பின்னாடி தோண்டிப் பார்த்தது. ராயல் லிவர்பூல் ஆஸ்பத்திரி கட்டுற கான்ட்ராக்ட் 12.7% நஷ்டத்துல ஓடுதுன்னு 2016 நவம்பர்ல கம்பெனியோட உள் ஆய்வே சொல்லியிருக்கு. மேலிடம் அதை ஏத்துக்கலை. 4.9% லாபம்னு கணக்குல எழுதினாங்க. ஒரே கட்டடம், ஒரே செங்கல், ரெண்டு எண்!

கடனையும் விட்டு வைக்கலை. சப்ளையர்களுக்கு 120 நாள் கழிச்சுதான் பணம். 'முன்னாடியே வேணுமா? பேங்க் தரும், கொஞ்சம் கழிச்சுக்கிட்டு'ன்னு ஒரு ஏற்பாடு. பேங்குக்குக் கம்பெனி பின்னாடி கட்டும். நம்ம 'பே லேட்டர்' மாதிரிதான். பேங்க்ல வாங்கினா அது கடன்தானேன்னு நீங்களும் நானும் சொல்வோம். கரிலியன் அதை 'இதர செலுத்த வேண்டியவை'ங்கிற தலைப்புக்குக் கீழே வெச்சது. பேங்க் கடன்னு கணக்குல காட்டினது 14.8 கோடி பவுண்டு. இந்த 'இதர'வுக்குள்ள 49.8 கோடி வரைக்கும் ஒளிஞ்சிருந்ததா மூடீஸ் ரேட்டிங் நிறுவனம் பிற்பாடு சொன்னது. கடன் குறைவான கம்பெனின்னு நம்பி ஷேர் வாங்கினவங்களோட நிலைமையை நினைச்சுப் பாருங்க.

சரி, நம்ம ஊர் காலாண்டு ரிசல்ட்டுக்கு வருவோம். பிடிஎஃப்போட தலைப்புலயே 'அன்ஆடிட்டட்'னு இருக்கும். ஆடிட்டர் பண்றது 'லிமிடெட் ரிவியூ'. அதாவது நிர்வாகத்துக்கிட்ட கேள்வி கேட்பார், எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பார். அது முழு ஆடிட் இல்லை. காலாண்டு முடிஞ்சு 45 நாளுக்குள்ள வெளியிடணும்கிறதால ஊகங்களும் கொஞ்சம் தாராளமாவே இருக்கும். கணக்குக் கொள்கைகளை முழுசா அதுல போடவும் மாட்டாங்க. 'கடந்த ஆண்டறிக்கையில் உள்ள அதே கொள்கைகள்'னு ஒரு வரியோட முடிஞ்சிடும். ஏதாவது மாறியிருந்தாதான் சொல்வாங்க. அதனால, 'மாற்றம்'கிற வார்த்தை எங்கேயாவது தட்டுப்பட்டா அங்கேயே நில்லுங்க.

ஆள் சப்ளை பண்ற கம்பெனின்னா இன்னொரு விஷயத்தையும் பார்க்கணும். 100 பேரை ஒரு ஃபேக்டரிக்கு அனுப்புறாங்க. தலைக்கு 20,000 ரூபாய் சம்பளம். ஃபேக்டரிக்கு 21,000 பில் போடுறாங்க. மாச வருமானம் 21 லட்சமா, ஒரு லட்சமா? அந்த ஆட்களும் வேலையும் தன் கட்டுப்பாட்டுல இருந்தா 21 லட்சம்னு எழுதலாம். வெறும் இடைத்தரகர்னா கமிஷன் ஒரு லட்சம்தான். ரெண்டுலயும் லாபம் மாறாது. ஆனா, 'வருமானம் எகிறியது'ங்கிற தலைப்புச் செய்தி மாறிடும். இந்த மாதிரி கம்பெனிகளோட வருமான வளர்ச்சியை மட்டும் பார்த்து மயங்குறவங்களைப் பார்த்தா எனக்குக் கொஞ்சம் பாவமாத்தான் இருக்கும்.

எல்லாத்தையும் படிக்க நேரமில்லையா? ஒரே ஒரு ஒப்பீடு மட்டும் பண்ணுங்க. லாபம் ஏறும்போது, தொழில் நடவடிக்கை மூலமா வந்த ரொக்கமும் கூடவே ஏறுதா? லாபம் காகிதத்துல 20% ஏறி, ரொக்கம் படுத்துக் கிடந்து, 'பில் போடாத வருமானம்' மட்டும் ஊதிக்கிட்டே போனா, பொண்ணோட அப்பா இன்னும் சரின்னு சொல்லலைன்னு அர்த்தம். இதுல ஒரு சிக்கல் உண்டு. நம்ம ஊர்ல ஜூன், டிசம்பர் காலாண்டு ரிசல்ட்டுகள்ல சொத்து-கடன் பட்டியலும் ரொக்க ஓட்ட அறிக்கையும் கட்டாயம் இல்லை. செப்டம்பர், மார்ச் ரிசல்ட்டுகள்லதான் இருக்கும். அப்படின்னா வருஷத்துக்கு ரெண்டே தடவைதான் இந்த வேலை. அதுக்குக்கூடவா நேரம் இருக்காது?

கரிலியன் 2018 ஜனவரி 15 அன்னிக்கு மூடப்பட்டது. கடன், பென்ஷன் உட்படச் சுமைகள் கிட்டத்தட்ட 700 கோடி பவுண்டு, கையில் ரொக்கம் 2.9 கோடி. சுமார் 30,000 சப்ளையர்களுக்குப் பாக்கி. பென்ஷன் திட்டங்கள்ல இருந்த 27,000 பேர் கதி கலங்கிப்போனாங்க. ஆடிட் செஞ்ச கே.பி.எம்.ஜி-க்கு 2023 அக்டோபர்ல 2.1 கோடி பவுண்டு அபராதம். 4.9% லாபம்னு எழுதப்பட்ட அந்த லிவர்பூல் ஆஸ்பத்திரி 2017-லயே திறந்திருக்கணும். முதல் நோயாளி உள்ளே போனது 2022-லதான்.