பிள்ளை பிறந்த பிறகும் ஒரு சோதனை இருக்கிறது

"வயித்துல புள்ள இருக்கயில சீனி இருந்திச்சு, பெத்ததும் போயிருச்சு" என்று நம் தாய்மார் பலர் நிம்மதியாகச் சொல்கிறார்கள். சீனி இறங்குவது உண்மைதான். ஆனால் கர்ப்ப காலத்தில் சீனி ஏறிய தாய்க்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு, மற்றத் தாய்மாரைவிட ஏழு முதல் பத்து மடங்கு அதிகம்.

காரணம் இதுதான். நச்சுக்கொடியில் சுரப்பவை இன்சுலினை ஒழுங்காக வேலை செய்ய விடுவதில்லை. கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்ட வேண்டும்; முடியாத உடம்பில் சீனி ஏறும். கொடி விழுந்ததும் தடை நீங்கும். கணையத்தின் பலவீனம் அப்படியே இருக்கும்.

ஆகவே பிள்ளைக்கு ஆறு வாரம் ஆனதும், பன்னிரண்டு வாரம் தாண்டுமுன், சோதனை செய்ய வேண்டும். இரவு முழுக்கப் பட்டினி இருந்து, காலையில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, இரண்டு மணித்தியாலம் கழித்து இரத்தம் கொடுக்க வேண்டும். அந்த அளவு 140க்குக் கீழே என்றால் நல்லது. 140 முதல் 199 வரை எச்சரிக்கை. 200 அல்லது அதற்கு மேல் நீரிழிவு. காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம். முடிவு நல்லதாக வந்தாலும் வருடம் ஒரு தடவை பார்ப்பது நல்லது.

திருகோணமலைப் பக்கம் வாக்கப்பட்டுப் போன பிள்ளைகளுக்கு ஒரு விசேஷ வார்த்தை. பேறுகாலத்துக்குத் தோட்டத்துக்கு வந்து, பிள்ளையோடு திரும்பிப் போகிற நேரத்தில்தான் அந்த ஆறாவது வாரம் வரும். இங்குள்ள மருத்துவிச்சி அங்கே பார்ப்பார்கள் என்றும், அங்குள்ளவர் இங்கே பார்த்திருப்பார்கள் என்றும் நினைத்தால் சோதனை தவறிப்போகும். கிளினிக் அட்டையைக் கையோடு கொண்டுபோய், அந்தப் பகுதிக் குடும்பநல மாதுவிடம் "எனக்குச் சீனி இருந்தது" என்று நீங்களே சொல்லுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் பெரியவர்கள் கோபிக்கக்கூடாது. காயத்தில் போடும் கருப்பட்டியும் இரத்தத்தில் சீனியாகத்தான் சேரும். திரிபோஷாவைச் சீனி போட்டு உருண்டை பிடிக்காமல் தேங்காய்ப்பூவோடு சாப்பிடலாம். மூன்று நேரமும் கோதம்பமா ரொட்டி வேண்டாம்; ஒரு நேரமாவது பருப்பு, கீரை, முட்டை கூடுதலாக இருக்கட்டும். திருகோணமலையில் இருப்பவர்களுக்கு மீனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே பகல் வெயிலில் நடக்க முடியாது. விடியற்காலையிலோ பொழுது சாயவோ அரை மணி நேரம் நடக்கலாம். ஆப்பரேஷன் செய்தவர்கள் டொக்டரைக் கேட்டுவிட்டு நடக்கவும்.

தாய்ப்பால் கொடுப்பதும் தாய்க்கு நீரிழிவு வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. வேலைக்குத் திரும்பியவருக்குப் பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு. பிள்ளைமடுவம் இருக்கும் இடத்தில் அரை மணி நேரம், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். கேட்டு வாங்குங்கள்.

இலங்கை, இந்தியா, வங்காளதேசத்தில் 19 நகர ஆஸ்பத்திரிகளில் இப்படிப்பட்ட 1,601 தாய்மாரை வைத்து நடந்த ஆய்வு 2022ல் வெளியானது. பாதிப்பேருக்கு வகுப்பு எடுத்தார்கள், தொலைபேசியிலும் புத்திமதி சொன்னார்கள். சுமார் 14 மாதம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் நாலில் ஒருவருக்கு நிலைமை மோசமாகியிருந்தது. வகுப்பால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எங்களுக்கு இது ஆச்சரியமில்லை. கைப்பிள்ளைக்காரி எப்போது நடப்பாள், தனக்கென்று வேறு உலை வைப்பாளா? அவளுக்கு மட்டும் புத்தி சொல்லிப் பிரயோசனமில்லை. வீட்டுக்காரர் அரை மணி நேரம் பிள்ளையை வைத்திருக்க வேண்டும். மாமியார் எல்லாருடைய தேத்தண்ணியிலும் சீனியைக் குறைக்க வேண்டும்.

அடுத்த பிள்ளை உண்டானால் ஏழாம் மாதம்வரை காத்திராமல், முதல் கிளினிக்கிலேயே சீனி பார்க்கச் சொல்லுங்கள்.