தேடுபொறியும் பக்க அமைப்பும்

நூல்கள் நிறைந்த நூல்நிலையத்திற்கு அட்டவணை எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது இணையத்திற்குத் தேடுபொறி. அட்டவணையில் இடம்பெறாத நூல் அலமாரியில் இருந்தும் இல்லாததே ஆகும். பாம்பு கடித்தவரை அசையாமல் கிடத்தி, விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்றும், கடிவாயைக் கீறுதலும் நஞ்சை வாயால் உறிஞ்சுதலும் கேடு விளைக்கும் என்றும் மருத்துவர் ஒருவர் தெளிவாக எழுதி வைத்திருக்கலாம். இடுக்கண் நேர்ந்த வேளையில் தேடுவோர்க்கு அப்பக்கம் கிட்டாமல், கீறி உறிஞ்சச் சொல்லும் வேறொரு பக்கம் முன்வந்து நிற்குமாயின், மருத்துவரின் எழுத்தால் யாது பயன்? இங்ஙனம் நேர்வதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, பக்கம் கட்டப்பட்டுள்ள முறை.

ஜெனீவா நகரின் அருகேயுள்ள செர்ன் என்னும் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர், 1989-ஆம் ஆண்டில் உலகளாவிய வலைக்குரிய திட்டத்தை வகுத்தார். அதற்கென அவர் அமைத்த எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி எழுத்தின் அழகைப் பற்றி மிகுதியாகக் கவலைப்படவில்லை. ‘இது தலைப்பு, இது பட்டியல், இது வேறொரு பக்கத்திற்குச் செல்லும் இணைப்பு’ என ஒவ்வொரு பகுதியும் இன்னதென்று குறித்துக் காட்டுவதே அதன் தலையாய வேலை. தலைப்புகளுக்கு மட்டும் ஆறு படிகள் வகுக்கப்பட்டன. நூலாசிரியர் தம் நூலை இயல் என்றும் உட்பிரிவு என்றும் பகுத்துக்கொள்வதைப் போன்றதே இது.

ஒரு சொல்லைக் கேட்ட பின்னரே தேடுபொறி உலகெங்கும் ஓடித் தேடுகிறது என்று பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. சிலந்தி எனப்படும் நிரல் ஒன்று, இணைப்புகளைப் பற்றிக்கொண்டு பக்கம் பக்கமாக முன்னரே சென்று படித்து வருகிறது. படித்த சொற்களைக் கொண்டு, நூலின் இறுதியில் காணப்படும் சொல்லடைவு போன்ற பேரடைவு ஒன்றைத் தேடுபொறி ஆக்கி வைத்துக்கொள்கிறது. வினவுவோர்க்கு அவ்வடைவிலிருந்தே விடை தருகிறது. ஆதலின், எப்பக்கத்திலிருந்தும் வழி விடப்படாத பக்கத்தைச் சிலந்தி எளிதில் அடைவதில்லை.

இவ்வகைப் பொறிகளுள் முற்பட்டது, 1993-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் பிளெட்சர் அமைத்த ஜம்ப்ஸ்டேஷன். அஃது ஒவ்வொரு பக்கத்தின் பெயரையும் தலைப்புகளையும் மட்டுமே அடைவில் சேர்த்தது. தலைப்பின்றி எழுதியவர் எத்துணைச் சிறப்பாக எழுதியிருப்பினும், அப்பொறிக்கு அவர் எழுதாதவரே!

பின்னர் வந்த பொறிகள் பக்கம் முழுவதையும் படித்தன. எனினும், எல்லாச் சொல்லையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் கூடாது என்பதை அவையும் உணர்ந்தன. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களாகிய செர்கே பிரின், லாரி பேஜ் இருவரும் தாம் அமைத்த கூகுளைப் பற்றி 1998-ஆம் ஆண்டில் ஆய்வுரை ஒன்று வெளியிட்டனர். அப்பொழுது கூகுளின் அடைவில் இருந்தவை ஏறத்தாழ 2 கோடியே 40 இலட்சம் பக்கங்கள். ஒரு சொல் பக்கத்தின் எவ்விடத்தில் வருகிறது, சூழவுள்ள எழுத்தினும் பெரிதாக உள்ளதா என்பவற்றை அப்பொறி குறித்துக்கொண்டது. பக்கத்தின் பெயரில் வரும் சொல்லைத் தனியாகக் கணக்கிட்டது. இன்னும் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. இணைப்பின்மேல் எழுதப்பட்ட சொற்களை, அவ்விணைப்பு எந்தப் பக்கத்தைச் சுட்டுகிறதோ அந்தப் பக்கத்திற்கும் உரியனவாக அது கொண்டது. ‘பாம்புக்கடிக்கு முதலுதவி’ என்னும் இணைப்பு, தான் சுட்டும் பக்கத்திற்கு நற்சான்று கூறுகிறது. ‘இங்கே அழுத்துக’ என்னும் இணைப்போ ஒன்றும் கூறுவதில்லை. பலர் இன்றும் ‘இங்கே’ என்றே எழுதிவருவது வியப்பிற்குரியது.

முன்னர்க் கூறிய மருத்துவரின் பக்கத்தை மீண்டும் நோக்குவோர்க்கு இது விளங்கும். அவர் தம் கட்டுரையைத் தாளில் அச்சிட்டு, அதனைப் படமெடுத்து ஏற்றியிருப்பாராயின், மனிதர் கண்ணுக்கு அஃது எழுத்து. பொறிக்கோ வெறும் படம். படத்திலுள்ள எழுத்தை ஓரளவு படிக்கும் பொறிகள் இன்று உண்டெனினும், அவற்றை நம்பியிருத்தல் அறிவுடைமை ஆகாது. தலைப்பைத் தலைப்பெனக் குறியாமல் எழுத்தை மட்டும் பெரிதாக்கித் தடித்து வைப்பதும் ஏறத்தாழ இத்தகையதே. ‘செய்ய வேண்டியன’, ‘செய்யத் தகாதன’ என்று உட்தலைப்பிட்டு, படத்தில் இருப்பது இன்னதென்று ஒரு வரியில் எழுதி, முதற்பத்தியிலேயே செய்தியைச் சொல்லிவிட்டால் போதும். பெருஞ்செலவு ஒன்றும் இல்லை. ஒழுங்கான கட்டமைப்பு பொய்யை மெய்யாக்கிவிடாது என்பதையும் இங்கே கூறவேண்டும். கீறி உறிஞ்சச் சொல்லும் பக்கமும் செவ்வையாகக் கட்டப்பட்டிருந்தால் நன்கு படிக்கப்படும். மெய்யை எழுதுவோர் கட்டமைப்பைப் புறக்கணித்தல் பெருங்குறையாவது இதனாலேயே.

பொறியின் இயல்பை அறிந்தவருள் சிலர் அதனை ஏமாற்றவும் முற்பட்டனர். வெண்ணிறப் பக்கத்தில் வெண்ணிற எழுத்தால் ஒரே சொல்லை நூறு முறை எழுதி வைத்தனர். பக்கத்தின் பொருளைக் குறிக்கவென்று அமைந்த மறைவான இடத்தில், பொருளுக்குத் தொடர்பற்ற சொற்களைத் திணித்தனர். அவ்விடத்தில் எழுதப்படும் திறவுச்சொற்களைத் தரவரிசைக்குக் கொள்வதில்லை என்று கூகுள் 2009-ஆம் ஆண்டில் வெளிப்படையாகவே அறிவித்தது. 2012-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பக்கத்தின் மேற்பகுதி முழுவதையும் விளம்பரங்களால் அடைத்து, செய்தியைக் கீழே தள்ளிய பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கியது. கைப்பேசியின் சிறு திரைக்குப் பொருந்தும் பக்கங்களுக்குக் கைப்பேசித் தேடலில் 2015-ஆம் ஆண்டு முதல் ஏற்றம் தரப்பட்டது.

ஒருவர் ஆழ்ந்து படித்துக்கொண்டிருக்கும்போது, மேலே விளம்பரம் ஒன்று திடுமெனத் தோன்ற, வரிகளெல்லாம் கீழிறங்கி ஓடுவதுண்டு. அவர் தொட நினைத்தது ஒன்று. விரல் பட்டது மற்றொன்று. இவ்வாறு பக்கம் நிலைபெயர்வதை அளந்து, அவ்வளவையும் கூகுள் 2021-ஆம் ஆண்டு முதல் கணக்கில் சேர்த்தது. பக்கத்தின் முதன்மைப் பகுதி இரண்டரை நொடிக்குள் தோன்றுதல் நன்று என்பதும் அவ்வளவைகளுள் ஒன்று. ஆயினும், இவையெல்லாம் வினாவிற்கு ஏற்ற செய்தி உள்ள பக்கங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது துணை செய்வனவே. செய்தியற்ற பக்கத்தை இவை உயர்த்துவதில்லை.

பொறிக்கென்று செய்யப்படும் இவ்வொழுங்கு மனிதருள் ஒரு சாரார்க்கும் உயிர்நாடியாக உள்ளது. பார்வையற்றோர், திரையில் உள்ளதை ஒலியாகப் படித்துக்காட்டும் நிரலின் துணைகொண்டு வலைப்பக்கங்களைப் பயில்கின்றனர். அத்தகைய நிரல்களுள் என்.வி.டி.ஏ. என்பது, பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் இருவர் 2006-ஆம் ஆண்டில் தொடங்கி, யாவர்க்கும் விலையின்றி வழங்கியது. அதில் எச் என்னும் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்பிற்கும், 1 முதல் 6 வரையுள்ள விசைகளை அழுத்தினால் அந்தந்தப் படியிலுள்ள தலைப்பிற்கும் தாவிச் செல்லலாம். மருத்துவர் ‘செய்யத் தகாதன’ என்பதைத் தலைப்பெனக் குறித்திருந்தால், பார்வையற்ற ஒருவர் இரண்டு மூன்று முறை விசையை அழுத்தி அவ்விடத்தை அடைந்துவிடுவார். குறிக்காவிடில், பக்கத்தின் முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வரவேண்டும்.