உஸ்மானியா மருத்துவமனையில் திருநங்கை மருத்துவர்கள்: பணி உரிமை குறித்து சட்டம் கூறுவது என்ன?

ஹைதராபாத்: தெலங்கானா அரசுப் பணியில் இணைந்த முதல் திருநங்கை மருத்துவர்களாக பிராச்சி ரத்தோட், ரூத் ஜான் பால் ஆகியோர் 2022-ஆம் ஆண்டு இறுதியில் உஸ்மானியா பொது மருத்துவமனையில் நியமிக்கப்பட்டனர். எச்ஐவி தொற்றாளர்களுக்கான ஏஆர்டி கூட்டு மருந்து சிகிச்சை மையத்தில் அவர்களுக்குப் பணி வழங்கப்பட்டது.

மருத்துவப் பட்டம் பெற்றிருந்தும், பாலின அடையாளம் காரணமாக முன்னர் பணி வாய்ப்புகளை இழந்ததாக இருவரும் தெரிவித்திருந்தனர்.

2019-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மூன்றாம் பாலினத்தவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் இதற்கெனப் புகார் அதிகாரியை நியமிக்க வேண்டும் என 11-ஆவது பிரிவு வலியுறுத்துகிறது. எனினும், தண்டனைகளை வரையறுக்கும் 18-ஆவது பிரிவில் பணி மறுப்பு குற்றமாகக் குறிப்பிடப்படவில்லை.

ஏளனத்துக்கு அஞ்சி மருத்துவமனையைத் தவிர்க்கும் திருநங்கைகளுக்கு, தங்களில் ஒருவர் மருத்துவராக அமர்ந்திருப்பது சிகிச்சை பெறும் துணிவைத் தரும்.